யார் கையில் வேதம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஒடுக்கப்பட்டவர்களும் காலனி ஆட்சியில் மிதிபட்டவர்களும் கிறிஸ்தவ வேதத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

கே: 'விடுதலை இறையியல்' என்கிறார்களே, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, திருச்சி

ப: நாளெல்லாம் உழைத்தும் அரைவயிறு சாப்பிடுகிறவரிடம் போய், "கடவுள் உங்களை நேசிக்கிறார்" என்று எந்த முகத்தோடு சொல்வது? லிமா நகரத்து ஏழைகள் நடுவே ஊழியம் செய்த பெரு நாட்டுக் குருவானவர் குஸ்தாவோ குத்தியேரெஸ் தன் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இதுதான். 1968 ஜூலையில் சிம்போத்தே என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் இதைப் பற்றிப் பேசினார். 1971-ல் அது நூலாக வந்தது. வறுமை தலையெழுத்து அல்ல, மனிதர் மனிதருக்குச் செய்த அநியாயம். அந்த அநியாயத்தில் கடவுள் நடுநிலை வகிக்கவில்லை, ஏழையின் பக்கம் நிற்கிறார். வேதத்தையும் அந்தப் பக்கம் நின்றுதான் வாசிக்க வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம். 2024 அக்டோபரில், 96 வயதில் அவர் காலமானார். அந்தக் கேள்விக்கு இன்னும் வயதாகவில்லை.

கே: பின்காலனிய வாசிப்பு என்றும் ஒன்று இருக்கிறதாமே. இரண்டும் ஒன்றுதானா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவில்

ப: அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. ஒரே வீடு, ஆனால் சண்டை ஓயாது. விடுதலை இறையியல் வேதத்தை நம்பி இறங்குகிறது. வேதம் ஏழையின் புத்தகம், பணக்காரர்கள் அதைத் தட்டிப் பறித்துக்கொண்டார்கள், மீட்டுக் கொடுத்தால் போதும் என்கிறது. பின்காலனிய வாசிப்பு சற்றுத் தள்ளி நின்று கேட்கிறது: இந்தப் புத்தகம் எந்தக் கப்பலில் வந்து இறங்கியது? அதை எழுதியவர்கள் யாருடைய வாயை அடைத்தார்கள்? ஆதிக்கம் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டதா, எழுத்துக்குள்ளேயே இருக்கிறதா?

இந்தத் துறைக்கு முகவரி தேடித் தந்தவர்களில் முக்கியமானவர் ஓர் இலங்கைத் தமிழர்: இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆர்.எஸ். சுகிர்தராஜா. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க வாசிப்புகளை ஒன்று சேர்த்து 1991-ல் அவர் தொகுத்த 'விளிம்பிலிருந்து குரல்கள்' இன்றும் இறையியல் கல்லூரிகளில் பாடம். அவர் காட்டிய ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன். உங்கள் வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள். பவுலின் முதலாம், இரண்டாம், மூன்றாம் மிஷனெரிப் பயணம் என்று கோடு போட்ட வரைபடம் இருக்கும். அப்போஸ்தலர் நடபடிகளை இப்படி மூன்று சுற்றுப்பயணமாகக் கூறுபோட்டுப் படிக்கும் வழக்கம் ஐரோப்பிய மிஷன் சங்கங்கள் கப்பலேறிய காலத்தில்தான் வேரூன்றியது என்கிறார் அவர். நாம் சிறுவயதில் விரல் வைத்துத் தடவிய அந்தக் கோட்டில் பவுலின் பாதை மட்டும் இல்லை.

கே: எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வேதத்துக்கு விளக்கம் சொன்னால் குழப்பம்தானே வரும்?
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, நாசரேத்

ப: நிக்கராகுவா ஏரியில் சொலெந்தினாமே என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. 1966-ல் கவிஞரும் குருவானவருமான எர்னெஸ்தோ கார்தெனால் அங்கே குடியேறினார். படகு ஏறி மக்கள் ஞாயிறு ஆராதனைக்கு வருவார்கள்; மீன் பிடிக்கிறவர்கள், சோளம் விதைக்கிறவர்கள். கார்தெனால் பிரசங்கம் செய்யவில்லை. சுவிசேஷப் பிரதிகளைக் கையில் கொடுப்பார். வாசிக்கத் தெரிந்த பிள்ளை உரக்க வாசிக்கும். பிறகு ஒவ்வொரு வசனமாக எடுத்துக்கொண்டு பேசுவார்கள். சில நாள் கோயிலுக்குள், சில நாள் எதிரே இருந்த கூரைக் கொட்டகையில். பேசி முடித்து எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. பேசியதை ஒலிநாடாவில் பிடித்து, எழுத்தாக்கி, 'சொலெந்தினாமேயில் சுவிசேஷம்' என்று 1975 முதல் நூலாக வெளியிட்டார்.

பாலகரைக் கொன்ற ஏரோதின் கதை வந்ததும் அவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. அப்போது நாட்டை ஆண்டது சொமோசா குடும்பம். காணாமல் போன பிள்ளைகளின் பெயர் அவர்களுக்குத் தெரியும். 1977-ல் அந்தத் தீவு இளைஞர்கள் ஒரு படைமுகாமைத் தாக்கப்போய், பதிலுக்கு ராணுவம் வந்து அந்தச் சமூகத்தையே தரைமட்டமாக்கியது. ஆயுதம் எடுத்தது சரியா என்று நீங்கள் கேட்டால் எனக்கும் மனக்கலக்கம் உண்டு. ஆனால் குழப்பம் வரும் என்றீர்களே, அந்த நூலைப் படித்துப் பாருங்கள் அம்மா. ஏரோதைப் பற்றி அவர்கள் பேசியதில் குழப்பம் துளியும் இல்லை.

கே: அடிமைகளுக்காக வேதாகமத்தையே வெட்டிக் குறைத்து அச்சடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கட்டுக்கதைதானே?
– அச்சகத் தொழிலாளி, சிவகாசி

ப: உண்மை. 1807-ல் லண்டனில் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளுக்கென்று தேர்ந்தெடுத்த பகுதிகள் என்று முகப்பிலேயே வெளிப்படையாகப் போட்டிருந்தார்கள். அச்சுத் தொழிலில் இருக்கிறவர் நீங்கள், கணக்கு உங்களுக்குச் சட்டென்று விளங்கும்: வழக்கமான புரொட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள், இதில் 232.

எதை விட்டார்கள், எதை வைத்தார்கள் என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்டு, எஜமானுக்கு உண்மையாக இருந்து உயர்ந்த கதை இருக்கிறது. அடுத்து மோசே வர வேண்டும் அல்லவா? வரவில்லை. எரியும் முட்செடி இல்லை, பார்வோன் இல்லை, பிளந்த கடல் இல்லை. நேரே சீனாய் மலைக்குத் தாவி, பத்துக் கட்டளையில் வந்து நிற்கிறது. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லை என்கிற கலாத்தியர் வசனம் இல்லை. எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் வசனம் பத்திரமாக இருக்கிறது.

எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு. யாத்திராகமம் ஆபத்தான புத்தகம் என்று தோட்ட முதலாளிகளின் உலகத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நம்மில் பலருக்கு இன்னும் தெரியவில்லை.

கே: பவுல் அடிமைத்தனத்தை ஆதரித்தாரா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.
– வாசகர், தூத்துக்குடி

ப: ஒரு சொல் போதாது, ஒரு பாட்டியைக் காட்டுகிறேன். மார்ட்டின் லூதர் கிங்கின் தலைமுறைக்கே வழிகாட்டிய ஹோவர்ட் தர்மன், தன் பாட்டிக்கு வேதம் வாசித்துக் காட்டுவார். பாட்டி அடிமையாகப் பிறந்தவர், வாசிக்கத் தெரியாதவர். பவுலின் நிருபங்களை மட்டும் அவர் வாசிக்க விடுவதில்லை. அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-க்கு மட்டும் எப்போதாவது அனுமதி. வளர்ந்த பிறகு தர்மன் காரணம் கேட்டார். தோட்டத்து எஜமானின் போதகர் வரும்போதெல்லாம் அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்ற பவுலின் வசனத்தைத்தான் எடுப்பாராம். விடுதலை கிடைத்து, வாசிக்கவும் கற்றால், அந்தப் பக்கத்தை ஒருநாளும் வாசிப்பதில்லை என்று அன்றைக்கே கடவுளுக்கு வாக்குக் கொடுத்ததாகப் பாட்டி சொன்னார். 1949-ல் வந்த தர்மனின் 'இயேசுவும் உரிமை இழந்தவர்களும்' நூலில் இது இருக்கிறது. பவுலைப் பற்றி ஆயிரம் ஆய்வுகள் வந்தாகிவிட்டன. அந்தப் பாட்டிக்குப் பதில் சொல்லாத எதையும் நான் முழு ஆய்வாக எடுத்துக்கொள்வதில்லை.

கே: ரோமர் 13-ஆம் அதிகாரம் அரசாங்கத்துக்கு அடங்கி நடக்கச் சொல்கிறதே?
– அரசு ஊழியர், வேலூர்

ப: வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். அங்கே அதே அரசு கடலிலிருந்து எழும்பும் மிருகமாக வருகிறது. இப்படி வாசிக்கச் சொன்னவர்கள் தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள். நிறவெறி அரசு ரோமர் 13-ஐக் கேடயமாகப் பிடித்திருந்தது. 1985-ல், அவசரநிலை நடக்கும்போது, சோவெட்டோ வட்டாரத்தில் கூடி 'கைரோஸ்' ஆவணத்தை வெளியிட்டார்கள். அரசை மட்டும் அது சாடவில்லை. அநியாயத்தைத் தொடாமல் சமாதானம், ஒப்புரவு என்று பேசிக்கொண்டிருந்த சபைகளையும் கேள்வி கேட்டது. நம் ஊர்ப் பிரசங்க பீடங்களுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

கே: யாத்திராகமம்தான் விடுதலையின் புத்தகம் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு சிலர் ஏன் அதையும் குறை சொல்கிறார்கள்?
– இறையியல் மாணவர், மதுரை

ப: கதையை எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது, தம்பி. செங்கடல் தாண்டியதும் மிரியாமின் தம்புரோடு நிறுத்தினால் விடுதலை. தொடர்ந்து வாசித்தால் யோசுவா வருகிறார். எரிகோவில் ராகாபின் வீட்டாரைத் தவிர ஆண், பெண், வாலிபர், கிழவர், ஆடு மாடு எதுவும் மிஞ்சவில்லை. அந்த நிலத்தில் ஏற்கனவே ஆட்கள் இருந்தார்கள்.

1989-ல் ராபர்ட் ஆலன் வாரியர் இதைக் கட்டுரையாக எழுதினார். அவர் அமெரிக்காவின் ஓசேஜ் பழங்குடியைச் சேர்ந்தவர். எல்லோரும் இஸ்ரவேலரின் இடத்தில் தங்களை வைத்து வாசிக்கிறார்கள். எனக்கோ கானானியரின் இடம்தான் பொருந்துகிறது என்றார். அமெரிக்காவில் இறங்கிய பியூரிட்டன்கள் தங்களைப் புதிய இஸ்ரவேல் என்று நம்பினார்கள். தென்னாப்பிரிக்காவில் மாட்டு வண்டி கட்டி உள்நாட்டுக்குள் புகுந்த போயர்கள் அதை யாத்திரை என்றார்கள். 1838 டிசம்பர் 16-ல் சூலூக்களைக் கொன்று குவித்த நாளைக் கடவுளோடு செய்த உடன்படிக்கையின் நாளாக நெடுங்காலம் கொண்டாடினார்கள்.

எரிகோவின் மதில் விழுந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் அங்கே அப்படியொரு பெரிய கோட்டை நகரம் இருந்ததற்குத் தடயம் இல்லை என்று 1950-களில் காத்லீன் கென்யனின் அகழாய்வு சொன்னது. அதனால் மனம் ஆறிவிடுமா என்றால், ஆறாது. வாரியர் கேட்பதும் அதைத்தான்: நடந்ததோ இல்லையோ, கதை வேலை செய்துகொண்டே இருக்கிறது.

பாலஸ்தீனத்தில் நைம் அத்தீக் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் இருக்கிறார். 1948-ல் பெய்சான் ஊரிலிருந்து அவர் குடும்பத்தை வெளியேற்றியபோது அவருக்குப் பதினோரு வயது. அவர் சபையாருக்குப் பழைய ஏற்பாட்டைத் திறக்கவே கை வரவில்லை. நம்மைத் துரத்தியதற்கு இந்தப் புத்தகத்தைத்தானே ஆதாரம் காட்டுகிறார்கள் என்ற வலி. அத்தீக் அவர்களை நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ராஜா ஆகாப் ஒரு குடியானவனின் பூர்வீக நிலத்துக்கு ஆசைப்பட்டு, பொய்ச்சாட்சி வைத்து, கல்லெறிந்து கொன்று எடுத்துக்கொண்ட கதை. அங்கே எலியா நிலத்தைப் பறித்த ராஜாவின் எதிரே நிற்கிறார். அதே வேதம், அதே தேசம்.

கே: கானானியர் பாவம் செய்தார்கள், தண்டனை பெற்றார்கள். இதில் என்ன ஆராய்ச்சி?
– பெயர் வேண்டாம் என்கிற வாசகர், கோயம்புத்தூர்

ப: நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் எல்லோருமே பறித்தவர்களின் ஏட்டில் பாவிகள்தான். எரிகோவின் கைக்குழந்தைகள் செய்த பாவம் எது என்று மட்டும் சொல்லுங்கள்.

கே: கேள்வி கேட்டால் விசுவாசம் போய்விடும் என்கிறார் எங்கள் போதகர்.
– வாலிபர், மார்த்தாண்டம்

ப: ஒரு கேள்வி ஒரு பிஷப்பையே மாற்றிய கதையை அவரிடம் சொல்லுங்கள். ஜான் கொலென்சோ, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு வந்த ஆங்கிலேய பிஷப், கணித மேதை. வேதத்தைச் சூலூ மொழியில் பெயர்க்க அவருக்கு உதவியவர் வில்லியம் இங்கிடி என்ற சூலூக்காரர். நோவாவின் பேழை வந்தபோது இங்கிடி நிறுத்தினார். உலகத்து மிருகமெல்லாம் சோடி சோடியாக வந்து ஏறியதா? இதையெல்லாம் நீங்கள் மெய்யாகவே நம்புகிறீர்களா?

காட்டையும் மிருகத்தையும் அறிந்தவரின் கேள்வி. பொய் சொல்ல கொலென்சோவுக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். 1862 முதல் மோசேயின் ஐந்து ஆகமங்களையும் யோசுவாவையும் ஆராய்ந்து நூல் வரிசையாக வெளியிட்டார். கேப்டவுன் பிஷப் அவரை வேதப்புரட்டர் என்று பதவி நீக்கினார். லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. ஒரு சூலூவிடம் தோற்ற பிஷப் என்று இங்கிலாந்தில் கேலி செய்தார்கள்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1873-ல் லங்காலிபாலேலே என்ற ஆப்பிரிக்கத் தலைவரைக் காலனி அரசு பிடித்து அநியாயமாக விசாரித்தபோது, வெள்ளையர் சமூகத்தின் பகையைத் தேடிக்கொண்டு அவருக்காக வாதாடியவர் இதே கொலென்சோ. சூலூக்கள் அவரை 'சொபாந்து' என்றார்கள், மக்களின் தகப்பன். கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்டவர் மனிதரையும் காதுகொடுத்துக் கேட்டார். விசுவாசம் போகவில்லை, வேலை செய்ய ஆரம்பித்தது.

கே: தாலந்து உவமையை எங்கள் சங்கக் கூட்டங்களில் முதலீட்டுப் பாடமாகச் சொல்வோம். அதிலும் கை வைப்பீர்களா?
– வியாபாரி, விருதுநகர்

ப: வைக்கத்தான் போகிறேன், அண்ணாச்சி. ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 நாள் கூலி. ஐந்து தாலந்து என்றால் ஒரு கூலியாள் எண்பது வருஷம் ஓய்வில்லாமல் உழைத்தாலும் எட்டாத தொகை. அதை இரட்டிப்பாக்கினான் என்றால் எப்படி? அன்றைய கலிலேயாவில் பெரும்பணம் பெருகிய வழி, விவசாயிக்குக் கடன் கொடுத்து, விளைச்சல் பொய்த்ததும் நிலத்தை எழுதி வாங்குவது. மூன்றாம் ஊழியன் பணத்தை மண்ணில் புதைத்தான். நீ விதைக்காத இடத்தில் அறுக்கிறவன் என்று எஜமானின் முகத்துக்கு நேரே சொன்னான். எஜமானும் அதை மறுக்கவில்லை. வட்டிக்காவது விட்டிருக்கலாமே என்கிறான். சகோதரனிடம் வட்டி வாங்காதே என்பது மோசேயின் சட்டம். அப்படியானால் இந்த எஜமான் கடவுளாக இருக்க முடியுமா? 1994-ல் வில்லியம் ஹெர்சாக் கேட்ட கேள்வி இது. அவர் வாசிப்பில் மூன்றாமவன் சோம்பேறி அல்ல, சுரண்டலுக்குக் கைகொடுக்க மறுத்துத் தண்டனை ஏற்றவன்.

லூக்கா இதே உவமையை வேறு விதமாகத் தருகிறார். ஒரு பிரபு ராஜபட்டம் வாங்கத் தூரதேசம் போகிறான். குடிமக்கள் அவன் வேண்டாம் என்று பின்னாலேயே தூது அனுப்புகிறார்கள். கேட்டவர்களுக்கு ஆள் யாரென்று உடனே புரிந்திருக்கும். கி.மு. 4-ல் ஏரோதின் மகன் அர்கெலாயு பட்டம் கேட்டு ரோமுக்குப் போனான். அவன் வேண்டாம் என்று யூதர்கள் ஐம்பது பேரை அனுப்பினார்கள். பஸ்கா பண்டிகையில் மூவாயிரம் பேரைக் கொன்றவன் அவன் என்று யோசேபஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். எரிகோவில் அவன் அரண்மனை இருந்தது. இயேசு இந்த உவமையைச் சொல்வதும் எரிகோவில் சகேயுவைச் சந்தித்த கையோடுதான்.

ஹெர்சாக்கின் வாசிப்பே முடிவானது என்று நான் சொல்லவில்லை. மத்தேயு அந்த எஜமானை அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் வட்டிக்கடைக்குக் கடவுளின் முகத்தைக் கொடுக்கும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டாமா?

கே: இதெல்லாம் மார்க்சியம்தானே? வத்திக்கானே கண்டித்ததே?
– வாசகர், புதுச்சேரி

ப: 1984-ல், அப்போது கர்தினாலாக இருந்த ராட்சிங்கரின் கையொப்பத்தோடு கண்டன அறிக்கை வந்தது உண்மை. 1985-ல் பிரேசிலின் லெயோனார்தோ போஃப் மௌனம் காக்கும்படி பணிக்கப்பட்டதும் உண்மை. 1986-ல் அதே அலுவலகத்திலிருந்து மென்மையான இரண்டாம் அறிக்கை வந்ததும் உண்மை. குத்தியேரெஸ் ஒருபோதும் தண்டிக்கப்படவில்லை. 2013-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வத்திக்கானில் வரவேற்றார். மார்க்சியக் கருவிகளை அவர்கள் எடுத்தாண்டார்கள், சிலர் கண்மூடித்தனமாகவும் எடுத்தாண்டார்கள். ஆனால் எல் சால்வதோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோவை 1980 மார்ச் 24 அன்று பூசைப் பீடத்தில் சுட்டவர்கள் அவர் மார்க்ஸின் 'மூலதனம்' படித்தாரா என்று விசாரித்துவிட்டுச் சுடவில்லை. கொல்லாதீர்கள் என்று முந்தைய நாள் படைவீரர்களிடம் கடவுளின் பெயரால் கெஞ்சியும் கட்டளையிட்டும் பேசியிருந்தார். 2018-ல் அவரைப் புனிதர் என்று திருச்சபை அறிவித்தது.

கே: கானானியப் பெண்ணிடம் இயேசு நாய்க்குட்டி என்று பேசுகிறாரே. வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு குத்துகிறது.
– செவிலியர், திண்டுக்கல்

ப: குத்தட்டும். அந்தக் குத்தலை மழுப்புகிற விளக்கங்களை நம்பாதீர்கள். போட்ஸ்வானாவின் மூசா டூபே இந்தப் பகுதியை மையமாக வைத்து 2000-த்தில் ஒரு முழு நூல் எழுதினார். மாற்கு அவளை அந்த வட்டாரத்துப் பெண் என்கிறார். மத்தேயுதான் கானானியப் பெண் என்று பழைய பகைப்பெயரைச் சூட்டுகிறார். அப்பெயர் விழுந்ததும் அவள் பிச்சை கேட்க வேண்டியவளாகிறாள் என்கிறார் டூபே. ஆப்பிரிக்கச் சுயாதீன சபைகளின் பெண்களோடு உட்கார்ந்தும் இதை வாசித்தார். அவர்களோ அந்தத் தாயின் விடாப்பிடியைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். மகளுக்காக அவமானத்தை விழுங்கி வாதாடி வென்றவள் அவள். அந்த அவமானம் அவள்மேல் விழுந்திருக்கக் கூடாது.

கே: பெண்களுக்கு விடுதலை இறையியல் என்ன செய்தது?
– ஆசிரியை, மட்டக்களப்பு

ப: முதலில் அதிகம் செய்யவில்லை. 'ஏழை' என்றதும் அவர்கள் மனதில் வந்து நின்றது ஆண். பெண்கள் ஆகாரைக் கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. மெக்சிகோவின் எல்சா தாமெஸ், அமெரிக்காவின் கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் இருவரும் அவளைப் பற்றி எழுதினார்கள். ஆகார் எகிப்தியப் பெண், அடிமை, எஜமானிக்காகப் பிள்ளை பெற்றுக் கொடுக்கப் பயன்படுத்தப்பட்டவள். வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். தூதன் வந்து, திரும்பிப் போ, எஜமானிக்கு அடங்கியிரு என்கிறான்.

இங்கே வில்லியம்ஸ் மழுப்பாமல் பேசுகிறார். இந்தக் கதையில் கடவுள் அடிமையை விடுவிக்கவில்லை. பிழைத்திருக்க வழி காட்டுகிறார், இரண்டாம் முறை துரத்தப்பட்டபோது தண்ணீர் காட்டுகிறார், அவ்வளவுதான். கடவுள் எப்போதும் விடுவிக்கிறவர் என்று சுலபமாக எழுதிய ஆண்களுக்கு அவர் வைத்த எதிர்க்கேள்வி அது. விடுதலை கைக்கெட்டாத தூரத்தில் இருக்கும்போதும் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் தேடுகிற பெண்ணின் விசுவாசத்துக்கு என்ன பெயர்? பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வளைகுடா வீடுகளில் வேலை பார்க்கும் நம் பெண்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேதத்தில் கடவுளுக்கு முதன்முதலாகப் பெயர் வைத்த ஆளும் ஆகார்தான். ஒரு ஞாயிறாவது அவளைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறீர்களா?

கே: லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா எல்லாம் சரி. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றிப் பேசுங்கள்.
– வாசகர், செங்கல்பட்டு

ப: பேசத்தான் வேண்டும். செத்த பிறகும் சாதி பிரித்துப் புதைக்கும் சுவர் இன்னும் நம் கிறிஸ்தவக் கல்லறைகளில் இருக்கிறது. வடக்கன்குளம் கோயிலில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துத்தான் கட்டினார்கள். பெரும் போராட்டத்துக்குப் பிறகே அந்தத் தடுப்பு விழுந்தது.

1981-ல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் என்று இன்று சொல்வதன் தொடக்கத்தைக் கணக்கிடுவார்கள். பின்னாளில் சென்னை குருகுலத்தில் அவர் அந்தத் துறையை நடத்தினார். உபாகமம் 26-ல் இஸ்ரவேலன் முதற்பலனைக் கொண்டுவந்து, என் முன்னோர் நாடோடிகள், அடிமைகள் என்று அறிக்கையிடும் இடத்தை அவர் எடுத்துக்கொண்டார். வேரை மறைக்காமல் சொல்வதிலிருந்து விசுவாசம் தொடங்குகிறது என்றார்.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, மாணவர்களுக்குப் 'பறட்டை அண்ணன்', நாட்டுப்புற மெட்டுகளில் ஆராதனை முறையையே இயற்றினார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதுதான் திருவிருந்தின் பொருள் என்றார். யார் வீட்டு அரிசி, யார் கை சமைத்தது என்று பாராமல் சாப்பிட முடியாதவர்கள் அப்பத்தையும் ரசத்தையும் எடுத்து என்ன பயன்?

யோவான் 4-ஐ நம் கிராமத்தில் வாசித்துப் பாருங்கள். கிணற்றடியில் களைத்து உட்கார்ந்திருக்கும் இயேசு, தீட்டு என்று ஒதுக்கப்பட்ட சமாரியப் பெண்ணிடம், அவள் பாத்திரத்தில், தண்ணீர் கேட்கிறார். அவளே திகைத்துப் போகிறாள். தேநீர்க் கடையில் தனி டம்ளரில் குடித்து வளர்ந்தவருக்கு இந்தக் காட்சியில் எது அதிசயம் என்று உடனே தெரியும். பல பிரசங்கங்கள் அவளுடைய ஐந்து புருஷர்களிடம் ஓடிவிடுகின்றன. அந்தப் பாத்திரத்தின் பக்கத்திலேயே கொஞ்சம் நின்றிருக்கலாம்.

கே: நான் சைவன். இதில் எனக்கென்ன வேலை?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: உங்கள் ஊர்க்காரருக்கு நிறைய வேலை இருந்தது. பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்த ஆறுமுக நாவலர், 1854-ல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதினார். விளக்கு, தூபம், அபிஷேகம், பலி எல்லாம் அஞ்ஞானம் என்று மிஷனெரிகள் பேசியபோது, லேவியராகமத்தைத் திறந்து, உங்கள் கர்த்தரே இதையெல்லாம் கட்டளையிட்டிருக்கிறாரே என்று அவர்கள் புத்தகத்தை வைத்தே மடக்கினார். பின்காலனிய வாசிப்பு என்ற பெயர் பிறக்க நூறு வருஷத்துக்கு முன்பே அது யாழ்ப்பாணத்தில் நடந்துவிட்டது.

ஆனால் மிஷனெரியின் ஆதிக்கத்தை அவ்வளவு கூர்மையாகக் கண்ட நாவலர் சாதி ஆசாரத்தைக் காத்துத்தான் நின்றார். வெள்ளைக்காரரின் ஆதிக்கத்தை மட்டும் பார்க்கிற கண் போதாது. சொந்த வீட்டு வாசற்படிக்கு வெளியே நிற்கிறவரையும் பார்க்க வேண்டும். விடுதலை இறையியல், பின்காலனிய வாசிப்பு என்ற அந்த அண்ணனும் தம்பியும் எவ்வளவு சண்டை போட்டாலும் இருவரும் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

கே: வேதமே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டா?
– நூலகர், தஞ்சாவூர்

ப: உண்டு. 1985-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பெரு நாட்டுக்குப் போனபோது, ஆந்திஸ் மலைப் பழங்குடி இயக்கத்தார் அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் கொடுத்தார்கள். ஐந்து நூற்றாண்டாக இந்தப் புத்தகம் எங்களுக்கு அன்பையும் சமாதானத்தையும் நீதியையும் தரவில்லை, திரும்ப எடுத்துக்கொண்டு போய் எங்களை ஒடுக்கியவர்களிடம் கொடுங்கள், அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை என்பது அதன் சாரம். அதே மண்ணில், 1532 நவம்பர் 16 அன்று, கஹாமார்க்கா சதுக்கத்தில் வல்வெர்தே என்ற துறவி இன்கா மன்னன் அத்தாவல்பாவின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். வேதாகமம் என்பார்கள் சிலர், ஜெபப்புத்தகம் என்பார்கள் சிலர். மன்னன் புரட்டிப் பார்த்துக் கீழே எறிந்தான். அதையே சாக்காக வைத்து ஸ்பானியர்கள் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றார்கள்.

அந்தக் கடிதத்தைப் படித்து நான் கோபப்படவில்லை. அது நியாயமான தீர்ப்பு. குத்தியேரெஸும் அதே பெரு நாட்டுக்காரர், கெச்சுவா இரத்தம் ஓடியவர். அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் உள்ளே தேடினார். இரு தரப்பார் செய்ததையும் நான் மதிக்கிறேன்.

கே: எங்கள் சபையில் இப்படி வாசிக்க ஆசை. எங்கே தொடங்குவது?
– பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர், பாளையங்கோட்டை

ப: தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் உஜமா மையம் செய்த வழி எளிது. 2 சாமுவேல் 13-ஐ எடுத்தார்கள்: தாவீதின் மகள் தாமார் தன் அண்ணனாலேயே சீரழிக்கப்பட்ட கதை. கோயிலில் யாரும் வாசிக்காத அதிகாரம். சின்னச் சின்னக் குழுவாகப் பெண்களை உட்காரவைத்து உரக்க வாசித்தார்கள். பிறகு கேள்விகள் மட்டும். இந்தக் கதையில் வரும் ஆண்கள் யார் யார், ஒவ்வொருவரும் இதில் என்ன செய்தார்கள்? தாமார் என்ன சொன்னாள்? உங்கள் சபையில் தாமார்கள் இருக்கிறார்களா? அவர்கள் கதையை யார் கேட்கிறார்கள்? பதிலைப் பலகையில் எழுதினார்கள், யாரும் திருத்தவில்லை. வாயே திறக்காத பெண்கள் அங்கே பேசினார்கள். அதிலிருந்து 'தாமார் இயக்கம்' பிறந்து பல ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பரவியது.

நீங்கள் 1 இராஜாக்கள் 21-ல் தொடங்குங்கள், நாபோத்தின் தோட்டம். போதகர் வந்தால் வரட்டும், கடைசியாகப் பேசட்டும். நிலம் இழந்தவர், கடனில் மாட்டியவர், வீட்டு வேலை பார்க்கிறவர் யாராவது ஒருவர் கட்டாயம் வட்டத்தில் இருக்க வேண்டும். முதல் வார்த்தை அவருடையதாக இருக்கட்டும். என்ன பேசினார் என்று அவர் அனுமதியோடு எழுதி எனக்கு அனுப்புங்கள். இந்தப் பகுதியில் அதை அப்படியே வெளியிடுகிறேன்.